ஐந்து கழித்தல் குறிகள்

திங்கட்கிழமை, காலை 8.10.

214ஆம் அறையின் பூட்டு உடையவில்லை. ஜன்னல் வெள்ளிக்கிழமை சாத்தியபடியே இருந்தது. அதன் விளிம்பில் இரண்டு நாள் பனி கலையாமல் குவிந்திருந்தது. மேசையில் யாத்விகா பாதி குடித்து வைத்த தேநீர்க் கோப்பைகூட அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த பச்சை அட்டை நோட்டு மட்டும் இல்லை.

அவள் இழுப்பறைகளைக் கவிழ்த்தாள். வெப்பக் குழாய்க்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். குப்பைக் கூடையைத் தரையில் கொட்டிப் பார்த்தாள். எட்டரை மணிக்கு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நடைபாதையில் வந்து நின்றாள். நான்கு மாத உழைப்பு அந்த நோட்டில் இருந்தது. அன்று மதியம் மூன்று மணிக்கு அதை வைத்துத்தான் அவள் பேச வேண்டும்.

என்ன பேச்சு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் திடலுக்கு அடியில் வளையமாக ஒரு சுரங்கம் ஓடுகிறது. அதில் எலெக்ட்ரான்களை ஒரு பக்கமாகவும் பாசிட்ரான்களை எதிர்ப்பக்கமாகவும் சுற்றவிட்டு மோத வைப்பார்கள். மோதி வெளியே வருவதை எண்ணுகிறவர்களுக்குக் கீழ்த்தளம். ஏன் அப்படி வந்தது என்று காகிதத்தில் கோடு போட்டுக் கணக்கிடுகிறவர்களுக்கு இரண்டாம் மாடி. அந்த 1988 மார்ச்சில் கீழே எண்ணியதும் மேலே கணக்கிட்டதும் கொஞ்சம் ஒத்துவரவில்லை. தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாக யாத்விகா சொல்லியிருந்தாள்.

மாடியில் அடுத்த ஆண்டுக்கு ஒரே ஒரு வேலை. அதற்கு இரண்டு பேர்: வார்சாவிலிருந்து வந்த யாத்விகா, கலிஃபோர்னியாவிலிருந்து வந்த கார்வின் தேயர். மூன்று மணிக்கு இருவரும் பேசுவார்கள், நாலரைக்குக் குழு முடிவெடுக்கும். வேலை கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு யாத்விகாவின் விசா முடிந்துவிடும். இங்கே இரண்டாம் வகுப்பில் சேர்ந்து, இப்போதுதான் இரண்டு சிநேகிதிகளைப் பிடித்திருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் விமானம் ஏற வேண்டியதுதான்.

8.50.

பிரிவின் தலைவர் கெஸ்லர் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அன்று காலை அவர் நல்லவராக நடந்துகொள்ளவில்லை. பூட்டிய அறையிலிருந்து நோட்டு எப்படிப் போகும் என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார்.

"அந்த நோட்டுக்குள்ள என்ன இருக்குன்னு யாராவது பாத்திருக்காங்களா, யாத்விகா?"

யாரும் பார்க்கவில்லை. அவள் போலிஷ் மொழியில் எழுதுவாள், யாரிடமும் காட்டமாட்டாள். முன்பு இருந்த இடத்தில் அவள் வாய்விட்டுச் சொன்ன யோசனை ஒன்று பெரியவர் ஒருவரின் பெயரில் அச்சாகி வந்துவிட்டதாம். சூடுபட்ட பூனை. அதனால் கெஸ்லரிடம்கூட அவள் பாதிதான் சொல்லியிருந்தாள்: எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதுவதற்கு இரண்டு படங்கள் உண்டு, இரண்டில் ஒன்றில்தான் தவறு, எது என்று திங்கட்கிழமை சொல்கிறேன்.

இப்போது திங்கட்கிழமை வந்துவிட்டது, நோட்டு இல்லை. கணக்கு முடியவில்லை, அதனால் கதை கட்டுகிறாள் என்று கெஸ்லர் நினைத்தார். வாயால் சொல்லவில்லை. முகம் சொன்னது.

9.15.

வளாகக் காவல்துறையிலிருந்து சார்ஜென்ட் ஹோபார்ட் வந்தார். காலில் ஒட்டிய பனியை மிதியடியில் தட்டாமல் நடைபாதை முழுக்கத் தட்டினார். அந்த அறைக்குச் சாவி வைத்திருப்பவர்கள் இரண்டே பேர்: யாத்விகா, அவளோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஆர்வில் லுண்ட். ஆர்வில் கீழ்த்தளத்து ஆள், மாடியில் இடம் கிடைத்ததால் இங்கே ஒண்டியிருப்பவன். வெள்ளிக்கிழமை யாத்விகா ஐந்து மணிப் பேருந்துக்குப் போய்விட்டாள். ஆர்வில் ஏழு மணி வரை அறையை விட்டு நகரவே இல்லை என்றும், போகும்போது பூட்டிவிட்டுத்தான் போனதாகவும் சொன்னான். சனி, ஞாயிறு பனிப்புயலில் கட்டடத்துக்கு ஈ காக்கை வரவில்லை.

கெஸ்லர் வெள்ளி மாலை நான்கு மணியிலிருந்தே கல்லூரி முதல்வரின் விருந்தில் இருந்தார், முப்பது பேர் சாட்சி. கார்வின் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனதாகச் சொன்னான், பார்த்தவர் யாரும் இல்லை. ஹோபார்ட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, நோட்டு என்று ஒன்று இருந்தால்தானே திருட முடியும் என்று கெஸ்லரிடம் மட்டும் சொன்னார். நடைபாதையில் பாதிப் பேருக்கு அது கேட்டது. யாத்விகாவுக்கும் கேட்டது.

லொரெய்ன் பிகட்டுக்கும் கேட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

லொரெய்ன் இயற்பியல் படித்தவர் அல்ல. எங்கள் கட்டடத்தின் படம் வரைபவர். இருபத்திரண்டு வருடமாக இந்த மாடிக்காரர்கள் கிறுக்கித் தரும் படங்களை எல்லாம் மை போட்டு அச்சுக்குத் தயாராக்குகிறவர் அவர்தான். அர்த்தம் கேட்டால் கையை விரிப்பார். ஆனால் யார் எப்படிக் கிறுக்குவார்கள் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கெஸ்லரின் ஒளித்துகள் கோடு நெளிந்து நெளிந்து நூடுல்ஸ் மாதிரி வரும். கார்வின் அடிக்கோல் இல்லாமல் ஒரு கோடு போடமாட்டான். முந்தியது இடப்பக்கம், பிந்தியது வலப்பக்கம் என்று, நாம் எழுத்தைப் படிக்கிற திசையிலேயே அவன் படம் ஓடும். யாத்விகாவின் படத்தில் காலம் கீழேயிருந்து மேலே போகும். கோடுகளின் முனையில் இது எலெக்ட்ரான், இது பாசிட்ரான் என்று பெயரும் எழுதமாட்டாள். அம்புக்குறி போதும் என்பாள்: காலம் போகிற திசையில் போனால் எலெக்ட்ரான், எதிர்த்திசையில் போனால் பாசிட்ரான். பத்திரிகைகள் இடமிருந்து வலமாகக் கேட்பதால் அவள் படத்தை ஒவ்வொரு தடவையும் லொரெய்ன் கால் சுற்றுத் திருப்பி வரைவார், ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார்.

9.40.

கார்வின் லொரெய்னின் அறைக்கு வந்தான். மூன்று மணிப் பேச்சுக்கு ப்ரொஜெக்டரில் வைக்க இரண்டு தாள்கள், மை போட்டுத் தர வேண்டும். அறிவிப்புப் பலகையில் மூன்று வாரமாக ஒட்டியிருந்த அவன் தலைப்பு வேறு.

"தலைப்ப மாத்திட்டியாப்பா?"

"வார இறுதியில ஒண்ணு தோணிச்சு, லொரெய்ன். சும்மா உக்காந்திருந்தப்ப."

"புயல்ல எனக்கு முதுகுவலிதான் தோணிச்சு. குடுத்துட்டுப் போ."

முதல் தாளில் ஒரு படம். மேலும் கீழுமாக இரண்டு கோடுகள் நெருங்கி வந்து விலகிப் போகின்றன, நடுவில் ஒளித்துகள் கோடு செங்குத்தாக நிற்கிறது, அதன் மேல் ஒரு சின்ன வளையம். இரண்டாம் தாளில் நீளமான ஒரு கணக்கு. கார்வின் சுத்தக்காரன், அவன் தாளில் அடித்தல் திருத்தல் இருக்காது. இதில் ஐந்து இடங்களில் கழித்தல் குறிகள் பிறகு செருகப்பட்டிருந்தன. இடம் இல்லாமல் இடுக்கில் நுழைத்த குறிகள். லொரெய்ன் அவற்றை எண்ணிவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

10.30.

அவர் முதலில் போனது கீழ்த்தளத்துக்கு. வெள்ளிக்கிழமை மாலை அவரும் கட்டடத்தில் இருந்தார். ஐந்தே முக்கால் வாக்கில் வளையத்தில் சுற்றும் துகள்களின் கற்றை அறுந்து எச்சரிக்கை மணி அலறியது அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த மணி அடித்தால் மாடிக்காரர்கள் தலையைத் தூக்கமாட்டார்கள். கீழ்த்தளத்துக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடுவார்கள். கட்டுப்பாட்டு அறைப் பதிவேட்டில் ஆர்வில் லுண்டின் கையெழுத்து இருந்தது: வந்தது 5.46, போனது 6.30.

ஆர்வில் காந்தத்தின் பின்னாலிருந்து எழுந்து வந்தான்.

"ஏழு மணி வரைக்கும் ரூம்லயே இருந்தேன்னு போலீஸ்ல சொன்னியே?"

"இருந்தேன்... நடுவுல கொஞ்சம்..."

"கதவு?"

அவன் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஆர்வில், அந்தப் பொண்ண பொய்க்காரின்னு எழுதிட்டுப் போறாங்க. கதவு?"

"தொறந்து போட்டுட்டு ஓடிட்டேன்" என்றான். "போன மாசமும் இப்பிடிப் பண்ணி கெஸ்லர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இன்னொரு தடவைன்னா மாடியில எடம் கெடையாதுன்னுட்டாரு."

ஆக, பூட்டிய அறை என்பதே கிடையாது. முக்கால் மணி நேரம் கதவு விரியத் திறந்து கிடந்திருக்கிறது. லொரெய்ன் திட்டவில்லை. போகிற போக்கில் இன்னொரு கேள்வி மட்டும் கேட்டார். மோதலுக்கு இரண்டு படம் என்கிறீர்களே, ஒன்றுக்குப் போட்ட கணக்கை இன்னொன்றுக்கு எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? ஆர்வில் கொஞ்சம் யோசித்தான். எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி மறைந்து ஒளித்துகளாகி, அது மறுபடி ஜோடியாகப் பிரிவது ஒன்று. இதற்குப் பெயர் அழிவுப் படம். இரண்டும் மறையாமல், ஒளித்துகளை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு விலகிப் போவது இன்னொன்று, விலகல் படம். அந்த ஒளித்துகளுக்கு ஒரு எண் உண்டு. முதல் படத்தில் அது கூட்டல், இரண்டாவதில் கழித்தல்.

"மாத்திப் போட்டா குறி எல்லா எடத்துலயும் இடிக்கும்" என்றான்.

12.10.

யாத்விகா சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து கணக்கைத் திரும்ப எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதத்தை மூன்று மணி நேரத்தில் எழுத முடியாது. இனி மறைத்து என்ன பயன் என்று லொரெய்ன் கேட்டதும் சொல்லிவிட்டாள். தவறு அழிவுப் படத்தில். அதன் ஒளித்துகள் கோட்டின் மேல் வர வேண்டிய வளையத்தை எல்லோரும் குறைத்து எடைபோட்டிருக்கிறார்கள்.

"வளையம்" என்றார் லொரெய்ன். "சின்னதா ஒண்ணா?"

"ஆமா. உங்களுக்கு எப்பிடி...?"

லொரெய்ன் கெஸ்லரிடம் போனார். கார்வினின் தாளைக் காட்டினார். கெஸ்லர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இது விலகல் படம். அவளோடது அழிவுப் படம்னு நீயே சொல்ற. ரெண்டும் வேற வேற, லொரெய்ன். திருடினவன் திருடினதத்தானே போடுவான்? இதுலயே தெரியல, கார்வின் அந்த நோட்டப் பாக்கலன்னு?"

நியாயமான பேச்சுதான். லொரெய்னுக்குச் சப்பென்றாகிவிட்டது. கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று கெஸ்லர் நினைப்பதும் தெரிந்தது.

1.25.

திரும்பி வந்து கார்வினின் தாளை ஒளிமேசை மேல் போட்டார். அடியிலிருந்து விளக்கு அடிக்கும் கண்ணாடி மேசை அது. எப்படியும் மூன்று மணிக்குள் மை போட்டுக் கொடுத்தாக வேண்டும். மைப் புட்டி மேசையின் அந்தக் கோடியில் இருந்தது. அதை எடுக்கச் சுற்றிப் போனவர் பக்கவாட்டில் நின்றபடி தற்செயலாகத் தாளைப் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலை இப்போது கண் முன்னால் தானாக நடந்திருந்தது. அவர் மைப் புட்டியைத் திறக்கவில்லை. தொலைபேசியை எடுத்து ஹோபார்ட்டைக் கூப்பிட்டார்.

2.20.

கருத்தரங்கு அறையில் ஐந்து பேர். கெஸ்லர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோபார்ட் கதவுக்கருகில் நின்றார். யாத்விகா கடைசி வரிசையில். கார்வின் முன் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தாள் ஏன் இன்னும் தயாராகவில்லை என்பதுதான் அவனுடைய ஒரே கவலை போலத் தெரிந்தது.

லொரெய்ன் ப்ரொஜெக்டரைப் போட்டார். கார்வினின் படம் திரையில் விழுந்தது.

"இது ஒன் படம். சரியா, கார்வின்?"

"என் படம்தான்."

"இதுல என்ன நடக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

அவன் பொறுமையாகச் சொன்னான். இடமிருந்து எலெக்ட்ரானும் பாசிட்ரானும் வருகின்றன, நடுவில் ஒளித்துகள் கைமாறுகிறது, இரண்டும் வலப்பக்கம் விலகிப் போகின்றன. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான்.

"நல்லது" என்ற லொரெய்ன், தாளைத் தொடாமல் பேசினார். "யாத்விகா ரெண்டு வருஷமா எனக்குக் குடுத்த கிறுக்கல் எல்லாம் எங்கிட்ட இருக்கு. அவ படத்துல காலம் கீழேருந்து மேல போகும். முனையில பேரும் எழுத மாட்டா. இப்ப இதே படத்த கோடு மாத்தாம, அம்பு மாத்தாம, அவ பழக்கத்துல கீழேருந்து மேல படிச்சுக் காட்டறேன்."

அவர் ஒரு குச்சியை எடுத்துத் திரையின் கீழ்விளிம்பில் வைத்தார். கீழே இடப்பக்கம் ஒரு அம்பு மேலே ஏறுகிறது: எலெக்ட்ரான். கீழே வலப்பக்கம் ஒரு அம்பு தலைகீழாக இறங்குகிறது: பாசிட்ரான். இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. அங்கிருந்து ஒளித்துகள் மட்டும் நேராக மேலே போகிறது, வளையத்தைத் தாண்டுகிறது, உச்சியில் மறுபடி இரண்டாகப் பிரிகிறது.

"மோதி அழிஞ்சு பிறக்கற படம். அழிவுப் படம்" என்றார். "கெஸ்லர், நீங்க சொன்னீங்க, ரெண்டும் வேற வேறன்னு. ஒரே படம்தான். படிக்கற தெசைதான் வேற. நோட்டு முழுக்க போலிஷ். அதப் படிக்கத் தெரியாதவனுக்குப் படமும் கணக்கும் மட்டும்தான் புரியும். அப்பிடிப்பட்டவன் அதப் பாத்தா என்னன்னு நெனப்பான்? விலகல் படம்னுதான் நெனப்பான்."

கெஸ்லர் கைக்கடிகாரத்தை மறந்தார். ஆனாலும் அவர் விடவில்லை. தற்செயலாகவும் இருக்கலாமே என்றார், இரண்டே படம்தானே, வளையம் யாருக்கும் தோன்றக்கூடியதுதானே. ஹோபார்ட்டும் தலையாட்டினார். அது சாட்சியம் ஆகாது.

கார்வின் அவர்களைக் கவனிக்கவே இல்லை. கால் மேலிருந்த கால் இறங்கியிருந்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கெஸ்லர் பேசி முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது, விரல் முழங்காலில் எதையோ எழுதியது. லொரெய்ன் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்.

"அப்போ அது கூட்டல்தான்" என்று முணுமுணுத்தான். முகத்தில் ஒரு வெளிச்சம். எங்கள் மாடிக்காரர்களுக்குக் கணக்கு திறந்துகொள்ளும்போது வருகிற வெளிச்சம், அதை மறைக்க அவர்களுக்குத் தெரியாது. "அவ சரியாத்தான் போட்டிருக்கா. நான்தான் அவ மறந்துட்டான்னு அஞ்சு எடத்துலயும் கழித்தல் குறிய..."

நிறுத்தினான்.

"குறியப் பத்தி இங்க யாரும் பேசல, கார்வின்" என்றார் லொரெய்ன். "நானும் பேசல. வேணும்னேதான் பேசல."

அவர் இரண்டாம் தாளை ப்ரொஜெக்டரில் வைத்தார். இடுக்குகளில் செருகிய ஐந்து கழித்தல் குறிகளும் திரையில் ஆளுயரத்துக்குத் தெரிந்தன.

"அவ கணக்கு அழிவுப் படத்துக்குப் போட்டது. நீ அத விலகல் படம்னு நெனச்சுட்டு பிரதி எடுத்திருக்க. குறி இடிச்சுது. அவ தப்புன்னு முடிவு பண்ணி நீ திருத்தின. ஒனக்குத் தோணின கணக்கா இருந்தா மொதல்லயே கழித்தல் போட்டுத்தான ஆரம்பிச்சிருப்ப? சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அவ நோட்டோட சண்ட போட்டிருக்க."

கார்வின் மறுக்க வாயெடுத்தான். யாத்விகாவைத் திரும்பிப் பார்த்தான். மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் ஆர்வில் ஓடுவதைப் பார்த்ததாகவும், சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான் உள்ளே போனதாகவும் சொன்னான். ஹோபார்ட் அவனோடு வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போனார். ஏழு நிமிடத்தில், காரின் பின்பெட்டியில் போர்வைக்கு அடியில் இருந்த பச்சை அட்டை நோட்டோடு திரும்பி வந்தார்.

3.00.

அன்று ஒருவர்தான் பேசினார். யாத்விகா முதல் பத்து நிமிடம் நோட்டைப் பார்த்தே பேசினாள், பிறகு அதைப் பார்க்கவே இல்லை. கீழ்த்தளத்து எண்ணிக்கையும் மாடியின் கணக்கும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தபோது, பின்வரிசையில் ஆர்வில் எழுந்து நின்றே கைதட்டினான்.

4.50.

கெஸ்லர் ஒப்பந்தத் தாளோடு 214ஆம் அறைக்கு வந்தார். குழுவில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை என்றார். எந்த நேரமும் வந்து பேசலாம், என் கதவு திறந்தே இருக்கும் என்றார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். காலையில் தான் கேட்ட கேள்வியை அவர் மறந்திருக்கக்கூடும், அல்லது அவள் மறந்திருப்பாள் என்று நம்பியிருக்கக்கூடும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, மூடி கழற்றிய பேனாவை நீட்டினார்.

யாத்விகா பேனாவை வாங்கவில்லை. தாளை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"உக்காருங்க" என்றாள். "நான் முழுக்கப் படிக்கணும்."

"இது எல்லாருக்கும் குடுக்கற சாதாரண ஒப்பந்தம்தாம்மா. என்னை நம்பலாம்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பிரிவுத் தலைவர் பேனாவைக் கையில் பிடித்தபடி அவள் எதிரே இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.